பாரம் தாங்கும் முடிச்சு: கடற்கரைப் பள்ளி ஒன்றின் நினைவுகள்

முடிச்சு என்பது கயிற்றின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் மேல் அழுந்தி, அந்த அழுத்தத்தால் எழும் உராய்வைக் கொண்டே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் அமைப்பாகும். ஆணியோ பசையோ பூட்டோ இல்லாமல், இழுக்கின்ற விசையையே பிடிக்கின்ற விசையாக மாற்றிக்கொள்வது அதன் இயல்பாதலால், நன்கு அமைந்த முடிச்சில் பாரம் கூடக் கூடப் பிடிப்பும் கூடுகிறது. கயிற்றைப் பற்றிய நூல்கள் விளக்கத்தின் பொருட்டு அதை இரு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கின்றன: பாரத்தைத் தாங்கி அசையாதிருக்கும் நீண்ட பகுதி நிலைப்பகுதி எனவும், கையால் சுற்றியும் நுழைத்தும் முடிச்சை உருவாக்கப் பயன்படும் நுனி இயங்குமுனை எனவும் இங்குக் குறிக்கப்படும். செய்யும் வேலையை ஒட்டி முடிச்சுகளை, ஒரு பொருளைச் சுற்றிக் கட்டுபவை, இரு கயிறுகளை ஒன்றோடொன்று இணைப்பவை, கயிற்றைக் கம்பத்திலோ வளையத்திலோ மாட்டுபவை என வகுப்பது வழக்கம். தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் கட்டு, முடிச்சு, சுருக்கு என்னும் சொற்கள் இவற்றுக்கு இடத்துக்கேற்ப மாறி மாறி வழங்கினாலும், வேலை தெரிந்த கை அவற்றைக் கலந்துகொள்வதில்லை.

எந்த முடிச்சைப் பயனுள்ளது என்று சொல்லலாம் என்பதில் மாலுமிகளும் சாரம் கட்டுவோரும் மலையேறுவோரும் ஏறத்தாழ ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றனர். அது விரைவாகப் போட வருவதாகவும், பாரம் விழும்போது நழுவாததாகவும், வேலை முடிந்தபின் கயிற்றை அறுக்காமலே அவிழ்க்க வருவதாகவும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன தகுதியைப் பெரியவர்களே பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அரசுப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் சாரணர் ஆசிரியராக இருந்த இக்கட்டுரையாளர், பிள்ளைகளுக்கு முடிச்சு கற்பித்த ஆண்டுகளில் கண்டவற்றுள் எழுதி வைக்கத் தக்கன என்று கருதுபவை இங்குத் தொகுக்கப்படுகின்றன. அப்பள்ளியில் படித்த பிள்ளைகளுள் ஒரு பெரும்பகுதியினர் மீனவர் வீடுகளிலிருந்தும், மற்றவர்கள் முல்லைத் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் உப்பளங்களிலும் உழைக்கும் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஆகவே கயிறு அவர்களுள் எவருக்கும் புதிய பொருளன்று.

சாரணர் இயக்கத்தின் பயிற்சியில் முடிச்சுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இடமுண்டு. 1907-இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்காக நடத்திய முதல் முகாமிலேயே முடிச்சு போடுதல் ஒரு பாடமாக இருந்தது. இந்தியாவில் தனித்தனியாக இயங்கிய சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றிணைந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானபின்னும் அப்பாடம் தொடர்ந்தது. ரீஃப், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், பவ்லைன் ஆகியவை இன்றும் தொடக்கப் படிகளிலேயே கற்பிக்கப்படுகின்றன. இந்த ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளைகள் தயக்கமின்றி நாவில் ஏற்றிக்கொள்கின்றனர். இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. பல பள்ளிகளில் இப்பாடம் பலகையொன்றில் ஆணியடித்து மாட்டிய கயிற்றுத் துண்டுகளையும் புத்தகத்தில் அச்சான படங்களையும் பார்த்து வடிவத்தை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடுகிறது. பலகையில் தொங்கும் முடிச்சின் மேல் பாரம் ஏதும் விழுவதில்லை. எனவே சரியான முடிச்சுக்கும் அதைப்போலவே தோன்றும் தவறான முடிச்சுக்கும் உள்ள வேறுபாடு அங்கே ஒருபோதும் வெளிப்படுவதில்லை. எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு பாரம், விட்டுவிட்டு வருமா தொடர்ந்து வருமா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு முடிச்சின் வடிவம் விரைவில் பிடிபடுகிறது என்பதும், வடிவத்தை மட்டும் கற்ற பிள்ளை தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

ஆகையால் அப்பள்ளியில் முதற்பாடம் முடிச்சே இல்லாத பாடமாக அமைந்தது. வளாகத்திலிருந்த வேப்பமரத்தின் அடியில் ஒரு நீண்ட கயிற்றைச் சுற்றி, ஒரு முனையை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடமும் மறுமுனையைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலரிடமும் கொடுத்து, ஒரு சுற்றில் தொடங்கிச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அப்பாடம். ஒரு சுற்று இருக்கும்போது சிறுமி திணறுவாள். இரண்டு சுற்றில் நின்றுவிடுவாள். மூன்றாவது சுற்று விழுந்ததும் அண்ணன்மார் எல்லோரும் குதிகால் ஊன்றி இழுத்தாலும் அவள் இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள். உருளையைச் சுற்றிய கயிற்றின் உராய்வு சுற்றுக்குச் சுற்று கூட்டல் கணக்கில் வளராமல் பெருக்கல் கணக்கில் வளர்கிறது என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்னும் கணித அறிஞர் ஆராய்ந்து விளக்கிய உண்மை. கயிற்றுக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட உராய்வுக் கெழு, அதாவது ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண், 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடிப்பவரின் விசை ஏறத்தாழ ஆறரை மடங்காகவும், இரண்டு சுற்றில் 43 மடங்காகவும், மூன்று சுற்றில் 280 மடங்குக்கும் மேலாகவும் பெருகுகிறது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பினர் கரும்பலகையில் போட்டுப் பார்த்தனர். ஆறாம் வகுப்பினருக்குக் கணக்கே தேவைப்படவில்லை. முடிச்சுகள் எல்லாம் இந்தச் சுற்றின் உறவினங்களே என்பதும், மரம் இருந்த இடத்தில் கயிற்றின் மற்றொரு பகுதியே நிற்கிறது என்பதும் அந்த ஒரு மணி நேரத்திலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

அடுத்து வந்தது ரீஃப் முடிச்சு. ஒரே கயிற்றின் இரு முனைகளைக் கொண்டு ஒரு பொட்டலத்தையோ காயத்தின் மேல் சுற்றிய துணியையோ கட்டுவதற்கு உரியது இது. இடமுனையை வலமுனையின் மேல் போட்டு ஒரு முடியும், பிறகு வலத்தை இடத்தின் மேல் போட்டு மறுமுடியும் போட்டால் இது அமைகிறது. இரண்டு முறையும் இடத்தை வலத்தின் மேலேயே போட்டுவிட்டால் கிரானி என்று சாரணர்கள் சொல்லும் போலி முடிச்சு விழுந்துவிடும். இரண்டையும் இனங்காணும் வழி எளிது: ரீஃப் முடிச்சில் நுனிகள் தத்தம் நிலைப்பகுதியை ஒட்டிப் படுத்திருக்கும், கிரானியில் அவை குறுக்கே விறைத்துக்கொண்டு நிற்கும். கணிதத்தில் முடிச்சியல் என்றொரு துறை உண்டு. அங்கு முடிச்சை ஆராயுமுன் கயிற்றின் நுனிகளை ஒட்டி மூடிய வளையமாக்கிக்கொள்வார்கள். அத்துறையின் பார்வையில், ரீஃப் முடிச்சு ஒரு வலம்புரி முடியும் ஓர் இடம்புரி முடியும் சேர்ந்தது. கிரானி ஒரே புரியான இரு முடிகள் சேர்ந்தது. சங்கு எடுக்கும் கரையில் வளர்ந்த பிள்ளைகளிடம் வலம்புரி, இடம்புரி என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை.

இந்தச் சிறு வேறுபாட்டின் விளைவு எவ்வளவு பெரிது என்பதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் 2017-இல் காலணிக் கயிறுகளைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டனர். நடக்கும்போது கால் தரையில் மோதும் ஒவ்வோர் அதிர்விலும் முடிச்சு சற்றே தளர்கிறது என்பதையும், காலை வீசும்போது துள்ளும் நுனிகள் தளர்ந்த முடிச்சை வெளியே இழுக்கின்றன என்பதையும், கிரானி முறையில் கட்டியது ரீஃப் முறையில் கட்டியதைவிட விரைவில் அவிழ்ந்துவிடுகிறது என்பதையும் அவர்கள் காட்டினர். 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளைக் கொண்டு முடிச்சுக்குள் அழுத்தம் எங்கெங்கே விழுகிறது என்பதையே கண்ணுக்குப் புலப்படுத்தி, கயிறு எத்தனை இடங்களில் குறுக்கிடுகிறது, ஒவ்வொரு குறுக்கீட்டிலும் எப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது என்பவற்றைக் கொண்டு எந்த முடிச்சு நிற்கும், எது நழுவும் என்று முன்கூட்டியே கணிக்க வழி கண்டனர். பாவாடை நாடாவிலும் புத்தகப் பையின் வாரிலும் நாள்தோறும் கிரானி போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இச்செய்திகளைச் சொன்னபோது, தாங்கள் அற்பமென்று நினைத்த ஒன்றை உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் ஆராய்கின்றன என்பதில் அவர்களுக்கு உண்டான பெருமிதம் நினைவில் நிற்கிறது. ரீஃப் முடிச்சைப் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் தவறாமல் சொல்லப்பட்டது. இரு வேறு கயிறுகளை இணைத்துப் பாரம் ஏற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது. ஒரு முனையைத் திருப்பி இழுத்தால் அது நிலைகுலைந்து வழுக்கிவிடும். முடிச்சு வகைகளை 3,800-க்கும் மேலாகத் தொகுத்து 1944-இல் பெருநூல் வெளியிட்ட கிளிஃபர்ட் ஆஷ்லியும் இதையே கடுமையாக எச்சரித்திருக்கிறார்.

கற்பிப்பவர் எங்கே உட்காருகிறார் என்பது இங்கு மிக முக்கியமான செய்தி. முகாம்களில் ஆசிரியர் மேடையில் நின்று பிள்ளைகளைப் பார்த்தபடி முடிச்சு போட்டுக் காட்டுவது வழக்கம். அப்போது பிள்ளைகள் காண்பது இடம் வலம் மாறிய வடிவம். முழுவதையும் அப்படியே மாற்றிப் போட்டால் கேடில்லை, அதுவும் ரீஃப் முடிச்சாகவே அமையும். ஆனால் பாதியில், ‘சாருடைய வலது எனக்கு இடது அல்லவா’ என்று எண்ணிப் பார்த்து இரண்டாம் முடியை மட்டும் திருத்திக்கொள்ளும் கூர்மையான பிள்ளைதான் கிரானியில் போய் விழுகிறது. எனவே அப்பள்ளியில் கற்பிப்பவர் பிள்ளையின் பக்கத்தில், ஒரே திசை நோக்கி உட்காருவதும், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை மட்டும் எதிரே உட்கார வைத்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பின்பற்றச் சொல்வதும் முறையாயின. இடக்கைப் பிள்ளைகளை வலக்கைக்குத் திருப்ப முயன்றதே இல்லை. அவர்கள் போட்ட எதிர்வடிவ முடிச்சுகள் பாரம் தாங்குவதில் ஒரு குறையும் காட்டவில்லை. மேலும், சிறு பிள்ளைகளுக்குக் கடைசி அசைவை முதலில் கற்பிக்கும் முறை, அதாவது முடிச்சை ஏறத்தாழ முழுவதும் போட்டுக் கொடுத்து இறுதி நுழைவையும் இறுக்கத்தையும் மட்டும் பிள்ளையிடம் விட்டு, அடுத்த முறை கடைசி இரண்டு அசைவுகளை விட்டு, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது, நல்ல பலன் தந்தது. ஒவ்வொரு முறையும் முடித்தது பிள்ளையின் கையே என்பதால் அதற்குச் சலிப்பு ஏற்படவில்லை.

அந்த ஆண்டுகளின் நினைவுகளுள் மிகச் செறிவானவை வலையோடும் பூவோடும் தொடர்புடையவை. பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்கும் ஷீட் பெண்ட் என்னும் முடிச்சில், தடித்த கயிற்றை மடித்து ஒரு வளைவு செய்து, மெல்லிய கயிற்றின் நுனியை அந்த வளைவுக்குள் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, வளைவின் இரு கால்களையும் பின்புறமாகச் சுற்றி, தன் மேலேயே அழுந்தும்படி செருக வேண்டும். மீன்வலையின் ஒவ்வொரு கண்ணியையும் இணைப்பது இதே முடிச்சுதான். படத்தைப் பார்த்து இதைப் போட முடியாமல் கயிற்றைக் கீழே வைத்துவிட்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், விடுமுறை நாட்களில் தகப்பனாரோடு கடற்கரையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்பவன் என்பது தெரிந்தபோது, தடித்த கயிற்றுக்குப் பதிலாக வலை நூலும் வலை பின்னும் ஊசியும் அவன் கையில் தரப்பட்டன. அவன் கையைப் பார்க்காமலே, பக்கத்திலிருந்தவனோடு பேசிக்கொண்டே, வரிசையாகக் கண்ணிகளை இட்டான். பிறகு நூலின் இடத்தில் சணலும், சணலின் இடத்தில் கயிறும் வைத்து அதே அசைவை மெதுவாகச் செய்யச் சொன்னபோது அவன் கை தான் செய்வதை முதன்முறையாகக் கவனித்தது. அன்று வகுப்புக்கு ஷீட் பெண்ட் கற்பித்தவன் அவனே. இரு நுனிகளும் முடிச்சின் ஒரே பக்கத்தில் வந்து நிற்பதுதான் உறுதியானது என்றும், எதிரெதிர்ப் பக்கங்களில் வந்தால் பிடிப்பு குறையும் என்றும் புத்தகத்தைப் புரட்டித்தான் ஆசிரியர் சொல்ல முடியும்; அவனோ, “அப்படி விட்டா மீன் முட்டுறப்ப கண்ணு நகந்துரும் சார்” என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டான்.

வலையில் இன்று கைமுடிச்சுக்கு இருக்கும் இடம் குறைவு. பருத்தி நூலும் சணலும் போய் நைலான் வந்தபின் வலைகள் ஆலைகளில் பின்னப்பட்டுச் சுருளாக விலைக்கு வருகின்றன. கையால் செய்யப்படுவது பழுது பார்ப்பது மட்டுமே. தங்கூசி என்று மீனவர் சொல்லும் ஒற்றையிழை நைலானில் பழைய முடிச்சு வழுக்குவதால், கூடுதலாக ஒரு சுற்றுச் சேர்த்து இரட்டை முடிச்சாகப் போடுகின்றனர். மாறிய பொருளுக்கு ஏற்ப முடிச்சும் மாற வேண்டும் என்னும் இந்தச் செய்தி எந்தப் பாடநூலிலும் அழுத்தமாகச் சொல்லப்படாதது பெரிய குறை. தேங்காய்நார்க் கயிற்றின் சொரசொரப்பு முடிச்சில் உள்ள சிறு குறைகளை மன்னித்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு மன்னிக்காது. கட்டுமரத்தில் தொழில் செய்து ஓய்ந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்து, மரங்களை முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பதையும், கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவதையும் தென்னை மட்டைகளைக் கொண்டு செய்து காட்டினார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அக்கரையில் ஃபைபர் படகுகளே எங்கும் பரவிவிட்டதால், கூடியிருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் கட்டுமரம் கட்டப்படுவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். ஒவ்வொரு நாளும் அவிழ்க்கப்பட வேண்டிய கட்டு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறு கிடைக்காது.

முல்லைத் தோட்டங்களிலிருந்து வந்த சிறுமியருக்கு வேறொரு முடிச்சு கையில் இருந்தது. பூத்தொடுக்கும்போது நனைத்த வாழைநாரின் மேல் அரும்புகளை இப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு என்று காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, நாரை ஒருமுறை சுற்றி, விரலில் ஒரு சிறு வளையத்தைத் திருப்பிக் காம்புகளின் மேல் மாட்டி இறுக்குவர். அந்தத் திருப்பிய வளையமே கயிற்று நூல்களில் அரைக்கண்ணி எனப்படுவது. அதே திசையில் இரண்டு அரைக்கண்ணிகள் அடுத்தடுத்து விழுந்தால் அது கம்பத்தில் கட்டும் குளோவ் ஹிட்ச் ஆகிவிடுகிறது. பூக்காம்பின் இடத்தில் முதலில் விளக்குமாற்றுக் குச்சி, பிறகு மூங்கில், பிறகு சவுக்குக் கம்பம் என்று பெருக்கிக்கொண்டே போனபோது, கம்பம் கட்டுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி நின்ற சிறுமியர் வெகு விரைவில் முன்னால் வந்துவிட்டனர். இரு கம்பங்களைக் குறுக்காகப் பிணைக்கும் சதுரக் கட்டில், நிற்கும் கம்பத்தில் குளோவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு கம்பங்களுக்கு இடையே குறுக்காக இரண்டு இறுக்குச் சுற்றுகள் விட்டு, மறு கம்பத்தில் இன்னொரு குளோவ் ஹிட்ச்சோடு முடிக்க வேண்டும். கட்டின் உறுதி முழுவதும் அந்த இடைச்சுற்றுகளில்தான் இருக்கிறது. அரும்பு நசுங்காமலும் நழுவாமலும் இறுக்கத் தெரிந்த விரல்களுக்கு அந்த அளவு தானாகவே பிடிபட்டது.

பவ்லைன் என்பது இழுத்தாலும் சுருங்காத நிலையான வளையத்தைத் தரும் முடிச்சு. கயிற்றில் ஒரு சிறு கண்ணி செய்து, இயங்குமுனையை அதன் அடியிலிருந்து மேலே எடுத்து, நிலைப்பகுதியின் பின்னால் சுற்றி, மீண்டும் அதே கண்ணிக்குள் இறக்கினால் இது அமையும். புற்றிலிருந்து பாம்பு வெளியே வந்தது, மரத்தைச் சுற்றியது, திரும்பவும் புற்றுக்குள் போனது என்று சொல்லிக்கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் போட்டுக் காட்டுவார்கள். இம்முடிச்சைக் கற்பிக்கும்போதே சுருக்கு எது, சுருங்காத கண் எது என்ற வேறுபாடு உறுதியாக நிலைநாட்டப்பட வேண்டும். ஆட்டின் கழுத்தில் சுருக்குப் போட்டு முளையடித்துவிட்டால், அது கயிற்றைச் சுற்றிக்கொண்டு திமிறும்போது மூச்சுத் திணறி இறந்துவிடும். கிணற்றில் விழுந்தவரைச் சுருக்கால் தூக்கினால் கயிறே விலா எலும்பை நெரித்துவிடும். பிள்ளைகள் விளையாட்டாகவும் கழுத்தைச் சுற்றிக் கயிறு போடக் கூடாது என்பதும், வீட்டுத் தூளியில் தம்பி தங்கையர் தனியே முறுக்கி விளையாட விடக் கூடாது என்பதும், பயிற்சிக் கயிறு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்பட வேண்டும் என்பதும் அங்கு விலக்கில்லாத விதிகள். இவ்விதிகளைக் காரணத்தோடு சொன்னபோது பிள்ளைகள் அவற்றைத் தாங்களே காத்தனர்.

பாரம் விட்டுவிட்டு வரும் இடங்களுக்குக் கிணற்று வாளி நல்ல எடுத்துக்காட்டு. வாளி நீரில் மிதக்கும்போது கயிறு தளர்கிறது, தூக்கும்போது இறுகுகிறது. இப்படி மாறி மாறி நேர்வதால் வெறும் அரைக்கண்ணிகள் மெல்ல மெல்ல ஊர்ந்து கழன்றுவிடுகின்றன. அதனால்தான் ஊருக்கு ஒரு வீட்டிலாவது பாதாளக்கரண்டி, அதாவது கிணற்றடியில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் பல கொக்கிகள் கொண்ட இரும்புக் கருவி, இருந்தது. கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுகளுக்கு உள்ளேயே செலுத்தி, பிறகு ஓர் அரைக்கண்ணி இட்டால் தளர்ச்சியிலும் கழலாது. படகில் நங்கூரத்துக்குப் போடும் கட்டும் இதுவே என்பதை மீனவர் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டனர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மாவட்டங்கள் பலவற்றில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கீற்றுக் கூரைகள் பறந்தன. மின்சாரம் வெகுநாள் வரவில்லை. பள்ளிக் கட்டடம் தங்குமிடமாயிற்று. நிவாரணமாக வந்த தார்ப்பாய்களைக் கூரையிழந்த வீடுகளின் மேல் கட்டும் வேலையில் சாரணப் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் துணை நின்றனர். தார்ப்பாயின் ஓரத்திலுள்ள வளையங்கள் காற்றின் முதல் இழுப்பிலேயே பிய்ந்துகொண்டு போவதைக் கண்டு, மூலையில் ஒரு புன்னைக்காயை வைத்துத் துணியோடு சேர்த்துக் கழுத்துப்போல் பிடித்து, அந்தக் கழுத்தில் குளோவ் ஹிட்ச் போட்டு இழுத்துக் கட்டினர். பாரம் ஒரு துளையில் விழாமல் துணியின் பரப்பில் விரிந்தது. கயிற்றின் நடுவில் ஒரு கண் செய்து, நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுக்கும் முறை, லாரிகளில் சரக்கை இறுக்கிக் கட்டப் பயன்படுவது, அங்கும் பயன்பட்டது. கணக்கின்படி இது இழுப்பவரின் விசையை மும்மடங்காக்க வேண்டும். உராய்வு போக எஞ்சுவது அதைவிடக் குறைவே எனினும், மழையில் தொய்ந்த தார்ப்பாயைச் சிறுவர் இருவர் மீண்டும் விறைப்பாக்க அது போதுமானதாக இருந்தது.

இரவுகளில் வெளிச்சமில்லாததால், கண்ணை மூடிக்கொண்டு முடிச்சு போடும் பழைய பயிற்சிக்கு அந்த நாட்களில் பொருள் கிடைத்தது. ஒரு வீட்டின் மேல் சாய்ந்து நின்ற தென்னையைப் பெரியவர்கள் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பக்கத்து மரத்தில் சுற்றிய கயிற்றால் மெல்ல இறக்கியபோது, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, “சார், நம்ம வேப்பமரத்துச் சுத்து” என்றாள். அந்த வேப்பமரமும் அப்புயலில்தான் விழுந்தது. கயிற்றின் முனையைப் பிடித்திருந்தவர் ஒரே ஒருவர். மரத்தில் இருந்தவை இரண்டு சுற்றுகள்.

நிவாரண மூட்டைகளோடு வந்த கயிறுகள் பெரும்பாலும் அரிவாளால் அறுக்கப்பட்டுத் துண்டுகளாகக் கிடந்தன. கயிற்றுக்குத் தட்டுப்பாடு இருந்த அந்நாட்களில் பிள்ளைகள் அவற்றைச் சேகரித்து அவிழ்த்து வகைப்படுத்தியது, முடிச்சுப் பாடத்தின் மிக நீண்ட வகுப்பாக அமைந்தது. ரீஃப் முடிச்சில் ஒரு நுனியை அதன் நிலைப்பகுதிக்கு எதிராக வெடுக்கென்று பின்னோக்கி இழுத்தால், அந்தப் பக்கம் நேராகி மறுபக்கம் அதன் மேல் வளையமாகச் சரிந்துவிடும்; பிறகு அதை அப்படியே உருவிவிடலாம். பவ்லைனிலும் ஷீட் பெண்டிலும் முதுகுபோல் வளைந்திருக்கும் பகுதியைக் கட்டைவிரலால் நிலைப்பகுதியின் பக்கமாகத் தள்ளினால் எவ்வளவு இறுகியிருந்தாலும் நெகிழ்ந்துகொடுக்கும். கிரானியும் கண்டபடி போட்ட ஒற்றை முடிகளும் அப்படி இணங்குவதில்லை. நனைந்து இறுகி உப்புப் பூத்தவற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நுனி சீவிய மரமுளையைப் புரிகளுக்கிடையே செலுத்தி நெம்ப வேண்டியிருந்தது. முடிச்சு கிடந்த இடத்தில் நார் நசுங்கி வலுவிழந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும், அப்படி இருந்தால் அந்த இடத்தைப் பாரத்துக்கு விடாமல் ஒதுக்கவும் அவர்கள் அப்போது பழகினர். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலிமை ஏறத்தாழப் பாதிவரை குறையக்கூடும் என்று வகுப்பில் கேட்டது, கையில் அறுந்து வந்த கயிறுகளால் மெய்யாயிற்று. நல்ல நீளமானவை வீடுகளுக்குத் திரும்பப் போயின; குட்டையானவற்றைச் சிறுமியர் ஷீட் பெண்ட் இட்டு இணைத்துத் துணி உலர்த்தும் கொடிகளாகக் கட்டிக் கொடுத்தனர்; எதற்கும் உதவாத துண்டுகள் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வரவிருந்த பிள்ளைகளின் பயிற்சிக்காகச் சாரணர் அறையின் பெட்டிக்குள் வைக்கப்பட்டன.